பாரம் எங்கே இருக்க வேண்டும்?

மாட்டு வண்டியில் பாரம் பின்பக்கம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிந்த இந்தப் பாடம், காரை ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்கும் பொருந்தும்.

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய ஒரு டன். அதைப் போற்றி வைத்திருப்போர் தொலைதூரக் கண்காட்சிகளுக்கு டிரெய்லரில் ஏற்றிச் செல்கிறார்கள்.

பாரம் பின்னால் மிகுந்தால், இழுக்கும் வண்டியின் பின்பக்கம் தூக்கப்பட்டு, சக்கரங்களின் பிடி குறையும். வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பின் வால்போல் இருபுறமும் ஆடும்; இரு வண்டிகளுமே கவிழலாம். ஆகவே, எஞ்சின் உள்ள பக்கம் முன்னால் வரும்படி காரை ஏற்றி, இணைப்புக் கொக்கியின்மேல் சிறிது பாரம் அழுந்துமாறு நிறுத்த வேண்டும். டிரெய்லரும் காரும் சேர்ந்து 1500 கிலோ என்றால், கொக்கியில் ஏறக்குறைய 100 கிலோ. அதை மிஞ்சினால் இழுக்கும் வண்டியின் முன் சக்கரங்கள் இலேசாகிவிடும். காரின் நான்கு சக்கரங்களையும் பட்டைகளால் இறுகக் கட்ட வேண்டும். சில மைல் சென்றதும் இறங்கிப் பார்க்க வேண்டும், பட்டை தளர்ந்திருக்கலாம்.

ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகம் கூட்டவும் கூடாது. எண்ணெய் கொடுக்கும் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் ஆட்டம் தணியும். பிரிட்டனின் மோட்டார் சாலைகளில், டிரெய்லர் இழுக்கும் காருக்கு மணிக்கு 60 மைலே உச்ச வரம்பு.

நம் பிள்ளைகள் நாளை லோரியோ டிராக்டரோ ஓட்டலாம். பயணத்தின் பாதுகாப்பு பாரம் ஏற்றும்போதே தொடங்குகிறது என்பதை இன்றே அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.