கைப்பக்குவமும் அடக்கவிலையும்

கேக்கும் பிஸ்கோத்தும் நன்றாகச் செய்யத் தெரிந்த இல்லத்தரசியிடம், அவற்றை உண்டு மகிழ்ந்த அண்டை வீட்டார், "இதை நீங்கள் விற்பனைக்கே செய்யலாமே!" என்று சொல்வதுண்டு. மொழியும் மனிதரும் புதிதான ஊரில் குடியேறியிருக்கும் நம் சகோதரிகளுக்கு இச்சொல் பெரும் ஊக்கம் தருவதாகும். வெளியே சென்று வேலை தேட இயலாதவர்க்கு அதுவே ஒரு வருவாய் வழியாகவும் தோன்றும். தோன்றுவதில் தவறில்லை. ஆயினும், பாராட்டினவர் எல்லாரும் பணம் கொடுத்து வாங்குவர் என்று எண்ணிவிடலாகாது. வாங்கினாலும், அந்தப் பணம் தம் உழைப்புக்கு ஈடாயிற்றா என்று பார்ப்பவர் மிகச் சிலரே.

பஞ்சாபில் லூதியானா நகரத்தில் நடந்ததைச் சொல்வோம். கராச்சியில் பிறந்து, பிரிவினையை ஒட்டித் தில்லிக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ரஜனி பெக்டர் அம்மையார். மணமாகி லூதியானாவில் குடியேறினார். பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குச் சென்றபின் கிடைத்த ஓய்வில், பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அடுமனைப் பண்டங்கள் செய்யும் பயிற்சி பெற்றார். அவர் செய்த ஐஸ்கிரீமையும் கேக்கையும் உண்ட விருந்தினர், தங்கள் வீட்டு விழாக்களுக்கும் செய்துதரக் கேட்கலாயினர். கை ஓயாத வேலை. ஆனால் வாங்கிய விலை செலவுக்கே போதவில்லை. அதன் பின்னரே, 1978-இல், கணவர் தந்த 20,000 ரூபாய் முதலுடன் வீட்டிலேயே சிறு ஐஸ்கிரீம் தொழிற்கூடம் அமைந்தது. ரொட்டியும் பிஸ்கோத்தும் பின்னர் வந்தன. 1996-இல் இந்தியாவில் கடை திறந்த மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்குப் பன் செய்து தரும் பொறுப்பும் கிட்டியது. 2020 டிசம்பரில் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன; 2021-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அத்தகைய முதலும் துணையும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் அவர் தொடக்கத்தில் கண்ட நட்டம் எந்த வீட்டு அடுக்களைக்கும் வரக்கூடியதே. அதனை எண்களில் வைத்துப் பார்ப்போம்.

ஒரு கிலோ பழக் கேக்குக்குச் சேர்பொருள் 350 ரூபாய், மின்சாரம் 20, பெட்டியும் தாளும் 30 என்று கொள்வோம். ஆக 400. இவ்விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறை மாறாது. 450 ரூபாய்க்கு விற்றுவிட்டு 50 ரூபாய் இலாபம் என்று மகிழ்வதுதான் வழக்கம். அதைச் செய்ய இரண்டரை மணி நேரம் ஆயிற்றே! மணிக்கு 80 ரூபாய் கூலி என வைத்தாலும் 200 ஆகிறது. அடக்கம் 600. பத்தில் ஒன்று உடைந்தோ கருகியோ போனால், எஞ்சிய ஒன்பதும் அதன் சுமையைத் தாங்க வேண்டும். அப்போது ஒன்றன் அடக்கவிலை ஏறத்தாழ 667 ரூபாய். நம் சகோதரி, கேக் ஒன்றுக்கு 217 ரூபாய் உழைப்பைத் தானமாக வழங்கிக்கொண்டிருக்கிறார்.

உடனே விலையை உயர்த்துவது ஒன்றே வழியன்று. ஒரே ஈட்டில் நான்கு கேக் செய்தால், மாவு கலக்கும் நேரமும் பாத்திரம் துலக்கும் நேரமும் நான்கு மடங்காவதில்லை. மொத்தம் நான்கு மணி நேரத்தில் முடிந்தால், ஒன்றுக்கு ஒரு மணி. கூலி 80, சேதமும் சேர்த்து அடக்கம் சுமார் 533 ரூபாய். ஆதலால் தினமும் ஒன்றாகச் செய்யாமல், வாரத்தில் இரண்டு நாள் குறித்து, முன்கூட்டியே ஆர்டர் பெற்றுச் செய்வது நலம். உறவினருக்கென்று தனி விலை வைப்பதும் வேண்டா. பரிசாகக் கொடுப்பதானால் பரிசாகவே கொடுத்துவிடலாம்.

குடியேறிய ஊரின் இயல்பையும் அறிய வேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் பிஸ்கோத்து விரைவில் நமுத்துப்போகும். நன்றாக ஆறியபின், காற்றுப் புகாத உறையில் இட வேண்டும். தில்லியின் மார்கழிக் குளிரில் ஈஸ்ட் இட்ட மாவு பொங்க நெடுநேரமாகும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் முட்டையில்லாத கேக்கைக் கேட்போர் பலர். தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் கூடி எழுப்பும் வாயு, முட்டையின்றியே கேக்கை மிருதுவாக்கும். ஆனால் முட்டைக் கேக் செய்த பாத்திரத்திலேயே இதையும் செய்வது, வாங்குவோர் நம்பிக்கைக்கு ஒவ்வாது. முட்டை சேர்ந்த பண்டத்தின்மேல் பச்சை வட்டக் குறியை இடுவதற்குச் சட்டமும் இடந்தரவில்லை.

வீட்டில் செய்து விற்பவரும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பொதியின்மேல் சேர்பொருள்கள், நிகர எடை, செய்த நாள், எந்நாள்வரை உண்ணலாம் என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். அயல் மாநிலத்தில் இவற்றை அவ்வூர் மொழியிலும் அச்சிட்டால் வாங்குவோர்க்கு எளிது.

கேக்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. தாராவியில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாக வீட்டிலேயே முறுக்குச் சுட்டு மும்பைக் கடைகளுக்கு அனுப்பி வந்திருக்கின்றனர். அதிரசம் நன்றாக வருபவர் அதிரசத்துக்கே மேற்சொன்ன கணக்கை எழுதிப் பார்க்கலாம்; பாகு பதம் தவறி எண்ணெயில் பிரிந்துபோன ஈட்டையும் அதில் சேர்க்க வேண்டும்.