வாடிக்கையாளருக்கான அசைவூட்டப் படம்

வாடிக்கையாளருக்கான அசைவூட்டப் படம் என்பது ஒரு நிறுவனமோ, அரசுத் துறையோ, தனியாளோ தமது குறிப்பிட்ட தேவைக்காகப் பணம் கொடுத்து, அசைவூட்டப்பட நிலையம் ஒன்றைக் கொண்டு செய்வித்துக்கொள்ளும் படமாகும். விளம்பரங்கள், பாட விளக்கங்கள், உடல்நலப் பரப்புரைகள், இயந்திரங்களின் இயக்கத்தைக் காட்டும் படங்கள் முதலியன இவ்வகையின. இவற்றுட் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடங்களே ஓடும். எனினும் முழுநீளப் படங்களும் இம்முறையில் உருவாகியுள்ளன.

தயாரிப்பு முறை

நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் படத்தில், தேவைக்கு மிகுதியாகவே காட்சிகளைப் பதிவு செய்து பின்னர் வெட்டித் தொகுக்கலாம். அசைவூட்டத்தில் அத்தகைய மிச்சம் இராது. திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஆகவே ஒரு நிமிடத்துக்கு 1,440 சட்டகங்கள் வேண்டும். ஒவ்வொரு ஓவியத்தையும் இரு சட்டகங்களுக்குப் பயன்படுத்தும் சிக்கன முறையிற்கூட, அசையும் ஒரு பாத்திரத்துக்கு 720 ஓவியங்கள் தேவைப்படும். கணினியில் செய்யப்படும்போது கைவேலை குறையும் என்றாலும், செய்து முடித்த அசைவை மாற்றுவது எளிதன்று. வாடிக்கையாளரின் ஒப்புதல் ஒரே முறையாக அன்றிப் படிப்படியாகப் பெறப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

முதலில் படம் யாருக்காக, எதைச் சொல்வதற்காக, எவ்வளவு நேரத்துக்கு என்பன எழுத்தில் உறுதி செய்யப்படுகின்றன. அதன்பின் கதைவசனம் எழுதப்படுகின்றது. வாடிக்கையாளர்கள் தமது நிறுவனத்தைப் பற்றிய அனைத்தையும் இதில் புகுத்த முயல்வது வழக்கம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், அது குறித்த நேரத்துள் அடங்குமா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும், பாத்திரங்களின் தோற்றமும் வண்ணமும் தெரியும் சில மாதிரிப் படங்களும் தயாராகின்றன. உதட்டசைவும் காட்சிகளின் நீளமும் குரலைப் பின்பற்றுவதால், குரற்பதிவு பொதுவாக அசைவூட்டத்துக்கு முன்னரே செய்யப்படும். ஸ்டோரிபோர்டு ஓவியங்களைக் குரலுடன் கோத்து, படத்தின் உண்மையான நீளத்துக்கு ஓடவிடும் முன்மாதிரி அனிமேட்டிக் எனப்படுகின்றது. அழகற்ற, அசையாத இந்த முன்மாதிரியைப் பல வாடிக்கையாளர்கள் மேலோட்டமாகவே பார்க்கின்றனர். ஆனால் காட்சியொன்றைக் குறைந்த செலவில் நீக்கவோ சேர்க்கவோ கூடிய இறுதிக் கட்டம் இதுவே.

கட்டணமும் இக்கட்டங்களைப் பின்பற்றித் தவணைகளாகச் செலுத்தப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை திருத்தம் கோரலாம் என்பது ஒப்பந்தத்தில் குறிக்கப்படும். அதற்கு மேற்பட்டவைக்குத் தனிக்கட்டணம் உண்டு.

ஒப்புதல் அளிப்பவர்

யாருடைய ஒப்புதல் இறுதியானது என்பது தெளிவாக இல்லாவிடின் சிக்கல் எழும். பொதுமக்கள் வருமானவரி செலுத்துவதை ஊக்குவிக்க, அமெரிக்க நிதித்துறை வால்ட் டிஸ்னியிடம் படமொன்றைக் கோரியது. வரி செலுத்தும் பொதுமனிதர் ஒருவரைப் புதுப்பாத்திரமாக அத்துறை எதிர்பார்த்தது. டிஸ்னியோ டொனால்ட் டக்கைப் பயன்படுத்த வேண்டுமென்பதில் உறுதியாக இருந்தார். நிதித்துறைச் செயலாளர் ஹென்றி மார்கெந்தாவ் அதனை ஏற்றார். மிகக் குறுகிய காலத்தில் முடிக்கப்பட்ட 'தி நியூ ஸ்பிரிட்' 1942 ஜனவரியில் திரையிடப்பட்டது. ஆயினும் இதற்காகக் கோரப்பட்ட 80,000 டாலரை ஒதுக்கப் பிரதிநிதிகள் அவை மறுத்தது. படத்தை ஒப்புக்கொண்டவர் ஒருவர், பணத்தை ஒதுக்குவோர் வேறொருவர் என்பதே இங்கு நேர்ந்தது.

பணம் தருபவர் கதையையே மாற்றியதும் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' நாவலை முழுநீள அசைவூட்டப் படமாக்கும் பணியை, அமெரிக்கத் தயாரிப்பாளர் லூயி டி ரோச்மாண்ட் 1951இல் பிரித்தானியாவின் ஹாலஸ் அண்ட் பேச்சலர் நிலையத்திடம் ஒப்படைத்தார். படம் 1954இல் வெளிவந்தது. நாவலின் முடிவில் பன்றிகளுக்கும் மனிதருக்கும் வேறுபாடு தெரியாமற் போகின்றது. படத்திலோ ஏனைய விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றன. இதற்கான நிதி அமெரிக்க நடுவண் உளவு முகமையிலிருந்து மறைவாக வந்தது என்பது பின்னாளில் வெளிப்பட்டது.

உரிமை

முழுப்பணமும் செலுத்தியதனாலேயே படம் தமக்குச் சொந்தமாகிவிடும் என்று கருதுவது எல்லா நாடுகளிலும் சரியன்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணம் கொடுத்துத் திரைப்படத்தைச் செய்வித்தவரே அதன் முதல் உரிமையாளர். பிரித்தானியச் சட்டத்தில் படத்தின் ஆக்கியோராகக் கொள்ளப்படுவோர் தயாரிப்பாளரும் முதன்மை இயக்குநரும் ஆவர். ஆகவே வாடிக்கையாளர் உரிமையை எழுத்து மூலம் தமக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னணி இசை குறிப்பிட்ட நாட்டுக்கோ காலத்துக்கோ மட்டும் உரிமம் பெற்றதாக இருக்கலாம். அசைவூட்டத்தின் மூலக்கோப்புகளையும் ஒப்பந்தத்தில் தனியே கேட்டுப் பெறாவிடின், பின்னர் நிறுவனத்தின் சின்னத்தை மாற்றுவதற்குக்கூட அதே நிலையத்தையே மீண்டும் நாட வேண்டியிருக்கும்.