இந்திய அணியை பார்படாஸில் நிறுத்திய புயல் நினைவிருக்கா? அது புரட்டிப்போட்ட படகுத் தீவுகளின் கதை

2024 ஜூன் 29. டி20 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியால் உடனே ஊர் திரும்ப முடியவில்லை. பெரில் புயலால் பார்படாஸ் விமான நிலையம் மூடப்பட, கோப்பையோடு ஹோட்டலிலேயே முடங்கினார்கள் வீரர்கள். ஜூலை 4-ம் தேதிதான் டெல்லி வந்து சேர்ந்தார்கள்.

நமக்கு பெரில் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அதே புயல்தான் ஜூலை 1 அன்று, கிரெனடா நாட்டைச் சேர்ந்த கேரியக்கூ என்ற குட்டித் தீவில் மணிக்கு 240 கி.மீ. வேகக் காற்றோடு கரையேறியது. பக்கத்து யூனியன் தீவில் சுமார் 90 சதவிகித வீடுகள் சேதமானதாகவோ அழிந்ததாகவோ செயின்ட் வின்சென்ட் பிரதமராக இருந்த ரால்ஃப் கொன்சால்வ்ஸ் அறிவித்தார்.

இந்தத் தீவுகள் இருக்கும் கிரெனடீன்ஸ், பாய்மரப் படகில் தீவு தீவாகத் தாவும் சுற்றுலாவுக்கு உலகப் புகழ்பெற்ற இடம்.

அங்கே என்ன ஸ்பெஷல்?

காற்றும் தூரமும்தான். செயின்ட் வின்சென்ட்டில் தொடங்கி தெற்கே கிரெனடா வரை தீவுகள் சங்கிலி போல நீள்கின்றன. கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று படகின் பக்கவாட்டில் வீசும். பாய்மரத்துக்கு அதுதான் செம வசதி. பெரும்பாலும் ஒரு தீவில் நின்றாலே அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். காலையில் கிளம்பினால் மதியம் வேறொரு கடற்கரையில் நீச்சல்.

நடுவில் டொபாகோ கேஸ் கடல் பூங்கா. ஆள் வசிக்காத 5 குட்டித் தீவுகள், பவளத் திட்டு, கடற்புல் மேயும் பச்சை ஆமைகள். 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதல் படத்தில் ஜாக் ஸ்பேரோவை இறக்கிவிட்டுப் போவார்களே, அந்தத் தீவும் இங்கேதான் இருக்கிறது.

படகு ஓட்டத் தெரியணுமா?

கட்டாயமில்லை. அனுபவம் இருப்பவர்கள் படகை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டலாம். தெரியாதவர்கள் கேப்டனை அமர்த்திக்கொள்ளலாம். சமையல்காரரோடு முழுக் குழுவும் வரும் பேக்கேஜும் உண்டு. குடும்பமாகப் போகிறவர்கள் அதிகம் சாயாத கேட்டமரன் எனும் இரட்டை உடல் படகைத் தேர்வு செய்கிறார்கள்.

உள்ளூர்க்காரருக்கு என்ன கிடைக்கும்?

விஷயமே இதில்தான் இருக்கிறது. படகுதான் ஹோட்டல், படகில்தான் சாப்பாடு என்றால், பயணி கரையில் கால் வைக்காமலேயே ஊர் திரும்பிவிடலாம். அதனால்தான் உள்ளூர்க்காரர்கள் சின்னப் படகில் தேடி வருகிறார்கள். ரொட்டி, பழம், மீன் விற்பார்கள். மிதவையில் கயிறு கட்ட உதவுவார்கள். மாலையில் கரையில் சிங்கி இறால் சுட்டுத் தருவார்கள். பலருக்கு வீட்டுச் செலவே இதிலிருந்துதான்.

பெரில் அடித்துப்போனது அந்தச் சின்னப் படகுகளையும் கடைகளையும்தான். கேரியக்கூவில் புயலுக்கு ஒதுங்கும் இடமாக நம்பப்பட்ட டிரெல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் நிறுத்திய படகுகள்கூட நொறுங்கின. வீட்டை இழந்தவர்களுக்குப் பயணிகளும் வராமல் போனால், அது இரண்டாவது அடி.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 'புயல் இவ்வளவு தெற்கே வராது' என்று நம்பிப் பலர் கிரெனடாவில் படகை நிறுத்துவது வழக்கம். 2004-ல் ஐவன் புயலும் 20 வருடம் கழித்து பெரிலும் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. கேரியக்கூவைத் தாண்டியதும் பெரில் ஐந்தாம் வகைப் புயலானது. அட்லான்டிக் பதிவுகளில் இவ்வளவு சீக்கிரமாக, ஜூலை தொடக்கத்திலேயே, எந்தப் புயலும் அந்த நிலையைத் தொட்டதில்லை.

கிளம்பும் முன்...

* யூனியன் தீவும் கேரியக்கூவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு வெவ்வேறு நாடுகள். கடக்கும்போது பாஸ்போர்ட், சுங்கச் சோதனை உண்டு.
* அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், இந்தியர்களுக்கு அந்த நாட்டு விசாவும் தேவை.
* நங்கூரத்தை மணலில் மட்டும் போடுங்கள். கடற்புல்லில் போட்டால் ஆமையின் சாப்பாடு போச்சு.
* மொத்த மளிகையையும் கிளம்பும் துறைமுக சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கி நிரப்பாதீர்கள். மீன், பழம், ரொட்டியைப் போகிற தீவுகளில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் காசு நேராக அந்த வீடுகளுக்குப் போகும்.