மோஸ்தரும் தறியும்

இளைஞர் உடையில் மாறுதல் நேரும்போது, அதன் பெருமை பெரும்பாலும் உடையை வடிவமைத்தவருக்கே போய்ச் சேருகிறது. லண்டனில் மேரி குவாண்ட் என்னும் பெண்மணி 1955-இல் ஒரு கடை திறந்தார். 1960-களில் இளம்பெண்களின் குட்டைப் பாவாடை மோஸ்தரை உலகறியச் செய்தார். அவர் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. அதே காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் விரும்பி அணிந்த துணியொன்றுக்குக் கட்டம் வகுத்துப் பாவு ஓட்டியவர்களோ நம் கைத்தறி நெசவாளர்கள். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

அத்துணி ‘மதராஸ் கட்டம்’ எனப்படும். சாயமிட்ட நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றி மாற்றி வைத்து நெய்வது. அமெரிக்கர் அறியுமுன்பே இவ்வகைத் துணி ‘மதராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதனை ‘இஞ்சிரி’ எனப் பெயரிட்டுத் தம் சடங்குகளிலும் போற்றினர்.

1958-இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பம்பாயில் கிருஷ்ணன் என்ற ஏற்றுமதியாளரிடம் இத்துணியை வாங்கியதாக வணிகச் செய்திகள் கூறும். தாவரச் சாயம் இறங்கும். ஆகவே குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று விற்றவர் எச்சரித்தாராம். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய உடைக் கடையை அடைந்தது, எச்சரிக்கை அடையவில்லை. சட்டைகள் சாயம் விட்டன, வாங்கியோர் சினந்தனர். அப்போது விளம்பரக்காரர் ஒரு யுக்தி செய்தனர். ‘சாயம் இறங்குவது நிச்சயம்’ என்றே அறிவித்தனர். ஒவ்வொரு சலவையிலும் வண்ணங்கள் கலந்து மென்மையாகும். ஒருவர் சட்டை மற்றொருவர் சட்டை போலிராது என்றனர். குறை குணமாயிற்று! இளைஞரிடையே கிராக்கி மிகுந்தது.

ஆயினும் மோஸ்தர் நிலையானதன்று. 1960-களின் இறுதியில் அம்மோகம் தணிந்தது. கடைக்காரர் வேறு சரக்குக்கு மாறலாம். ஒரே கட்டத்தை நம்பிப் பாவு ஏற்றிய தறிக்காரர் அவ்வளவு எளிதில் மாற இயலுமோ? தறி நின்றால் நூலுக்குக் கிராக்கி குறையும். நூல் தேங்கினால் பருத்தி விளைவிப்போரும் அந்நஷ்டத்தில் பங்கு பெறுவர்.

செம்பட்டிக்கு அண்மையிலுள்ள சின்னாளபட்டியின் சேலையும் சுங்குடியும் நாடறிந்தவை. இவ்வட்டாரத்துச் சங்கங்கள் மேற்கூறிய வரலாற்றினின்று மூன்று பாடங்களைக் கொள்ளலாம்.

முதலாவது, துணியின் இயல்பை ஒளிக்கலாகாது. சாயம் கெட்டியா, இறங்குமா, எவ்வாறு துவைப்பது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு உருப்படியிலும் இணைத்தல் நலம். எச்சரிக்கை வாங்குவோர் கைக்கே சேர வேண்டும்.

இரண்டாவது, மோஸ்தர் சரக்குக்கு உறுதியான ஆர்டரும் முன்பணமும் பெற்ற பின்னரே பாவு ஏற்ற வேண்டும். எல்லாத் தறிகளையும் அதற்கே ஒதுக்காமல், என்றும் விற்கும் ரகங்களுக்கும் சில தறிகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, புதிய கட்டம் அமைக்கும் அங்கத்தினரின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் குறித்து, விற்பனையில் அவருக்கு ஊக்கத்தொகை அளித்தல் தகும்.

இளைஞர் எதை விரும்புவர் என்பதைச் சங்கம் கட்டளையிட இயலாது. விரும்பி வருவோருக்கு உண்மையைச் சொல்லி விற்பதும், விருப்பம் மாறிய நாளிலும் தறி ஓடுமாறு ஏற்பாடு செய்வதும் நம் கையில் உள்ளன.