கரையைப் பார்ப்பவர் யார்?

குற்றாலம் பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. மலையில் மழை வலுத்து, தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் விசில் சத்தம் கேட்கும். குளித்துக்கொண்டிருப்பவர்களைக் காவலர்கள் வெளியேற்றுவார்கள். அப்போதுதான் தலையை நனைத்தவர் முகம் சுளிப்பார். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் பத்து நிமிஷம் விட்டா என்ன?" என்று கேட்பார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதைத் தென்காசி மாவட்டம் கண்ணீரோடு கற்றிருக்கிறது.

2024 மே 17. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்கவில்லை. மலைமேல் பெய்த கோடை மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மேலே பெய்த மழையின் சேதி, கீழே நின்றவர்களை வெள்ளத்துக்கு முன்னால் வந்து சேரவில்லை.

பொதுக் கட்டுமானம் என்றால் நமக்கு அணையும் பாலமும் நாற்கரச் சாலையும்தான் நினைவுக்கு வரும். திறப்பு விழாவுக்குக் கூட்டம் கூடுகிறது, கல்வெட்டும் வைக்கப்படுகிறது. மறுநாளிலிருந்து அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்க ஆளில்லை. நம் உயிர் பெரும்பாலும் அந்தக் கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது.

நம் தலைக்கு மேலே ஐந்து அணைகள்

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள். 36 அடி குண்டாறு ஒரு நல்ல மழையில் நிரம்பிவிடும். மேக்கரையில் உள்ள அடவிநயினார் 132 அடி. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. இடையில் அணைக்கட்டுகள், கால்வாய்கள், ஒன்று நிரம்பி மறுகாலில் வழியும் தண்ணீர் அடுத்ததை நிரப்பும் குளங்கள். சங்கிலிபோல் கோத்த இந்த அமைப்பில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த குளமும் தாங்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் அதைப் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் 17-ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பயணிகள் பசியோடு தவித்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தார்கள். இனி வண்டியை விடக்கூடாது என்று நேரத்தில் முடிவெடுத்த பணியாளர்கள் அங்கே இருந்தார்கள்.

ஆபத்து எப்படி வருகிறது?

குளக்கரை ஒரே நாளில் உடைவதில்லை. நண்டு வளையும் எலி வளையும் கரையைத் துளைக்கும். பட்டுப்போன மரத்தின் வேர் மண்ணுக்குள் மக்கி, அந்த இடம் குழாயாகிவிடும். கரையின் வெளிப்பக்கம் தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனிக்க வேண்டும். கலங்கலாகக் கசிந்தால் உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். கலங்கல் என்றால் தண்ணீரோடு கரையின் மண்ணும் வெளியேறுகிறது என்று பொருள். மறுகாலில் அமலைச் செடி அடைத்துக்கொண்டாலோ, மறுகால் ஓடையை மறித்து யாராவது கட்டடம் கட்டினாலோ, தண்ணீர் கரையின் மேலேறி வழியும். மண்கரை அதைத் தாங்காது.

பாலத்திலும் மேலே பார்த்தால் தார்ச்சாலை நன்றாகத்தான் தெரியும். வெள்ளம் தூணின் அடிமண்ணைத் தோண்டியிருப்பதைக் கீழே இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். குஜராத்தின் மோர்பி நகரில் பழுது பார்த்து முடித்ததாகச் சொல்லித் திறந்த தொங்கு பாலம், சில நாட்களிலேயே, 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். வேலை முடிந்தது என்று சொல்பவர் ஒருவரும், அதைச் சோதித்துப் பார்ப்பவர் வேறொருவருமாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது.

அருவியில் நிற்பவர்கள் மனதில் வைக்க வேண்டியது இது: தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமானால், இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், மேலிருந்து உறுமல் கேட்டால் ஒரு நொடிகூட நிற்காதீர்கள். செருப்பையும் செல்போனையும் தேடிப் போகாதீர்கள். ஓடை போகும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

பார்ப்பவர்கள்

எங்கள் பக்கத்தில் குளத்துத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்துத் திறந்துவிடுபவரை நீர்பாய்ச்சி என்பார்கள். அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ஊர் கூடிக் குளத்தைத் தூர்வாரும் குடிமராமத்தும் இருந்தது. 1858-இல் வெள்ளையர் ஆட்சி அதற்கு ஒரு சட்டமே போட்டது. 2017-இல் தமிழக அரசு அந்தப் பெயரில் திட்டம் கொண்டுவந்தது. ஆனால் திட்டம் எப்போதாவது வரும். கரையைத் தினமும் நடந்து பார்க்கிற கால்களுக்கு அது ஈடாகாது.

சாலைக்கும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1997-இல் தமிழக நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். குழி அடைப்பது, ஓரத்து முள்ளை வெட்டுவது, சிறுபாலத்தின் அடைப்பை எடுப்பது அவர்கள் வேலை. 2002-இல் அத்தனை பேரும் பணி நீக்கம் செய்யப்பட்டார்கள். 2006-இல் மீண்டும் வேலை கிடைத்தது. இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்று அவர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. சிக்கனம் என்றதும் அரசுகளின் கை முதலில் நீள்வது இவர்கள் பக்கம்தான். காலியாக விடப்படும் ஒவ்வொரு பணியிடமும் கரையில் விழும் முதல் விரிசல் என்றே நான் நினைக்கிறேன்.

பணியாளரின் உரிமைகள்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் குவியும் குப்பையை அள்ளுபவர்கள், விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்பவர்கள் இல்லாவிட்டால் அந்த ஊர் ஒரு வாரம் தாங்காது. அவர்களும், அவர்களை வேலைக்கு அழைக்கும் நாமும் தெரிந்திருக்க வேண்டியவை:

• பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விடுதி உரிமையாளர், வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் தப்ப முடியாது. இயந்திர வண்டிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

• அந்த வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக்கூடாது.

• ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால், வேலையை ஒப்படைத்த அலுவலகமோ நிறுவனமோ அதைத் தரப் பொறுப்பாகும். கூலிச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

பொதுமக்களின் உரிமைகள்

"நிதி இல்லை" என்ற பதிலோடு நாம் பல தடவை திரும்பியிருக்கிறோம். அந்தப் பதில் சட்டத்தின் முன் நிற்காது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் சாக்கடை நாற்றம் தாங்காத மக்கள் தொடுத்த வழக்கில், நிதி இல்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980-இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார்.

சாலைக்கும் அதே விதிதான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, உரிய தரத்தில் சாலையை அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

என்ன செய்யலாம்?

1. முதலில் பதிவு செய்யுங்கள். படம், தேதி, இடம் மூன்றும் வேண்டும். பிறகு அது யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் 744 தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. மாநில நெடுஞ்சாலைக்கு 'நம்ம சாலை' செயலி. அறுந்த மின்கம்பிக்கு மின்னகம் 94987 94987. அணை, ஆறு, பெரிய குளம் என்றால் நீர்வளத் துறை. தெரு, வடிகால் என்றால் நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி. எதுவும் புரியாவிட்டால் முதல்வர் உதவி எண் 1100.

2. கரையில் கசிவு, பாலத்தில் விரிசல் போன்ற உடனடி ஆபத்துக்கு மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112. நேரம், பேசியவர் விவரம் எழுதி வையுங்கள்.

3. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

4. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். எவ்வளவு செலவானது என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கள் குளத்தின் மதகைக் கடைசியாக எந்தத் தேதியில், எந்தப் பொறுப்பில் உள்ளவர் சோதித்தார்? அதைப் பராமரிக்க அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? 30 நாளில் பதில் வரவேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். வராவிட்டால் மேல்முறையீடு.

5. பலருக்கும் தெரியாத வழி ஒன்று உண்டு. பொதுவழியையோ ஆற்றையோ கால்வாயையோ மறிக்கும் ஆக்கிரமிப்பை அகற்ற, விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்ய, சாலையோரத் திறந்த கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் வேலி போட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ரத்லம் மக்கள் பயன்படுத்தியது இதே பிரிவின் பழைய வடிவத்தைத்தான். குளத்து ஆக்கிரமிப்புக்குத் தனியாக 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது.

6. வழக்காடப் பணமில்லை என்று பின்வாங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக் குழுவை 15100 எண்ணில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

7. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டத்தில் குளமும் மடையும் பேசப்படட்டும். மழைக்கு முன்னால் எந்தக் கரையை யார் நடந்து பார்ப்பது என்று தீர்மானமாக எழுத வையுங்கள்.

ஒரு டார்ச் வெளிச்சம்

2024 பிப்ரவரி 25 அதிகாலை, புளியரை அருகே கேரளத்திலிருந்து வந்த லாரி ஒன்று மலைச் சாலையிலிருந்து உருண்டு ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்த ஒரு வயதான தம்பதி இருட்டில் தண்டவாளத்தின் வழியே ஓடி, கையிலிருந்த டார்ச்சை ஆட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டியது.

அவர்கள் ரயில்வே ஊழியர்கள் அல்ல. அந்த இரவில் அங்கே பார்க்க வேறு யாரும் இல்லாததால் அவர்கள் பார்த்தார்கள். எப்போதும் இப்படி ஒரு டார்ச் கிடைக்கும் என்று நம்பி ஊர் தூங்க முடியாது. அதற்காகத்தான் சம்பளம் கொடுத்து, பாதுகாப்புக் கொடுத்து, மரியாதை கொடுத்து ஆட்களை வைக்கிறோம். அடுத்த சீசனில் விசில் சத்தம் கேட்டால் முகம் சுளிக்காமல் வெளியே வாருங்கள். ஊருக்குத் திரும்பியதும் உங்கள் குளக்கரையில் ஒருமுறை நடங்கள். அதைப் பார்ப்பவர் யார் என்று விசாரியுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், அன்றைக்கே மனுவை எழுதத் தொடங்குங்கள்.