ஒரு பிடி உப்பு

ஆங்கிலத்திலே 'ஹாண்ட்புல்' என்று ஒரு சொல் உண்டு. ஒரு கை கொள்ளுமளவு என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் பேச்சு வழக்கில் அது அவ்வளவோடு நிற்பதில்லை. கூட்டத்துக்கு மிகச் சிலரே வந்தாலும் 'ஹாண்ட்புல்'தான். அடங்காத துஷ்டப் பிள்ளையும் 'ஹாண்ட்புல்'தான்!

நம் மாணவனொருவன் இதைக் 'கைப்பிடி ஜனங்கள்' என்று மொழிபெயர்த்தான். ஜனங்கள் என்ன சுண்டலா, அள்ளிக் கொடுப்பதற்கு? 'விரல்விட்டு எண்ணத் தக்கவர்' என்னும் வழக்கு நமக்கிருக்க, இந்தக் கடன் எதற்கு?

தமிழில் 'பிடி' அடுக்களையைச் சேர்ந்த அளவு. இரண்டு விரல் நுனியால் எடுப்பது சிட்டிகை. விரல்களை மடக்கி எடுப்பது பிடி. உள்ளங்கையைக் குழித்து ஏந்துவது சேரங்கை. ஆழாக்கு, உழக்கு, படி என்பவை அந்நாளில் கடைத்தெருவின் அளவுகளாயிருந்தன. பிடிக்கோ முத்திரை இல்லை. கொடுப்பவள் கையே முத்திரை. உலை வைக்குமுன் தருமத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த வீடுகள் எத்தனை! 'பிடியரிசி' என்ற சொல்லே அதனால் பிறந்தது. தினம் ஒரு பிடி, மாத முடிவில் ஓர் ஏழையின் பல வேளைச் சோறு.

இரும்பையிலிருந்து கடற்கரையை அடைந்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். பாத்திகளில் கட்டிய உவர்நீர் வெயிலில் சுண்டி, வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களாக நிற்கும். அவற்றைக் காணும்போதெல்லாம் 1930-ஆம் ஆண்டு நம் நினைவுக்கு வருகிறது. சுமார் 82 ராத்தல் கொண்ட மணங்கு உப்புக்கு அன்றைய சர்க்கார் விதித்த வரி ஒன்றேகால் ரூபாய். சர்க்காரின் கணக்கு மணங்கில்; மகாத்மாவின் பதில் ஒரு பிடியில்! ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் அவர் உப்பை அள்ளினார். அதே மாதம் 13-ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து புறப்பட்டு, 28-ஆம் தேதி வேதாரணியம் சேர்ந்தார். 30-ஆம் தேதி உப்பெடுத்துச் சிறை புகுந்தார்.

நூறு பேர்! ஆங்கிலக் கணக்கில் வெறும் 'ஹாண்ட்புல்'. ஆனால் தமிழில் பிடி என்பது அளவு மட்டுமன்று, விடாமல் பற்றுவதும் பிடிதான். தொண்டர்கள் மூடிய கையைப் போலீசார் பல இடங்களில் பலாத்காரமாகப் பிரிக்க முயன்றார்கள். 1947-இல் உப்பு வரியே ஒழிந்தது.

ஆகவே 'ஹாண்ட்புல்' என்று படிக்கும்போது, எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துத் தமிழாக்குவோம். மனிதருக்குச் 'சிலர்' போதும். பிள்ளைக்கு 'அடங்காதவன்' போதும். 'பிடி'யை அரிசிக்கும் உப்புக்கும் வைத்துக்கொள்வோம்.