உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்: வீடியோவில் குரல் விலகுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி. புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு நெசவாளரைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செல்போன் அவர் முகத்தையும், இன்னொன்று தறியில் ஓடும் கைகளையும் எடுக்கிறது. காலர் மைக் குரலைத் தனியாகப் பதிவு செய்கிறது. எல்லாமே நன்றாக வந்திருக்கிறது. ஆனால், எடிட்டிங்கில் சேர்த்துப் பார்த்தால் உதடு முன்னே போகிறது, பேச்சு பின்னால் வருகிறது!

கூலி பற்றி அவர் சொல்லும் உண்மைகூட டப்பிங் மாதிரி தெரிகிறது. ஏஐ வீடியோக்கள் பரவும் காலத்தில், 'இது ஃபேக்கோ?' என்ற சந்தேகம் வர இது போதும்.

எவ்வளவு விலகினால் தெரியும்?

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, குரல் சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்களுக்குத் தெரியத் தொடங்கிவிடும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. அதாவது, குரல் 2 ஃபிரேம் முந்தினாலே மாட்டிக்கொள்வோம்.

எப்படிச் சேர்ப்பது?

பழைய சினிமா டெக்னிக்தான்: கிளாப். எல்லாக் கருவிகளும் பதிவாகத் தொடங்கியதும், இரண்டு கேமராவிலும் தெரியும்படி ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். எடிட்டிங்கில் கைகள் சேரும் ஃபிரேமையும், ஆடியோ அலைவடிவத்தில் எழும் கூர்முனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்கள் அலைவடிவங்களை ஒப்பிட்டு இதைத் தானாகவே செய்யும். ஆனால், தறிக்கூடத்தில் ஒரு சிக்கல். 'டக் டக்' சத்தம் ஒரே சீராக வருவதால், மென்பொருள் தப்பான அடியோடு பொருத்திவிடக்கூடும். தறி ஓடத் தொடங்கும் முன்பே கை தட்டிவிடுவது நல்லது.

போகப்போக விலகுதா?

ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் நூலிழை வேறுபடும். பல செல்போன்களில் ஃபிரேம் வேகமும் சீராக இருக்காது. பேட்டி முடிந்ததும் இன்னொரு முறை தட்டுங்கள். முதல் கிளாப் பொருந்தி, கடைசி கிளாப் பொருந்தாவிட்டால் சிக்கல் இங்கேதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யலாம். அதன் பிறகும் விலகினால், நடுவில் கிளிப்பை வெட்டி மீண்டும் பொருத்த வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது

காலர் மைக் ஆடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு, மேலே காட்சிகளை மட்டும் மாற்றுங்கள். கேமராக்களின் ஆடியோவை மியூட் செய்துவிடுங்கள். வேறு நேரத்தில் எடுத்த தறிக் காட்சியை நடுவில் ஒட்டினால், அடியும் சத்தமும் சேராது. மற்றவர்கள் விட்டாலும், ஆரணிக்காரர்கள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான்!